மூன்றாம் தூணோரம் நிற்பவர்

மார்ச் 3, திங்கள்

கரியன்தோப்பு ரயில் நிலையத்தின் சுவர் இன்று என் கைக்கு வந்தது. முதல் பிளாட்பாரத்தில், டிக்கெட் கவுண்டரை ஒட்டி, அறுபது அடி நீளம், பதினோரு அடி உயரம். இருபத்திரண்டு வருடமாகப் படம் வரைகிறேன். பல் ஆஸ்பத்திரியில் மீன், நர்சரிப் பள்ளியில் ஒட்டகச்சிவிங்கி, வார்டு ஆபீசில் 'மரம் வளர்ப்போம்'. கீழே இளவழகன் என்று பெயர் போட்டால் அடுத்த பொங்கலுக்கு அதையும் சேர்த்து வெள்ளையடிப்பார்கள். இந்தச் சுவரில் பெயர் போடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

செலவு ஒரு பெயிண்ட் கம்பெனியின் அறக்கட்டளையுடையது. தலைப்பு 'ஓடும் நகரம்'. 28ஆம் தேதி திறப்பு விழா. மேற்பார்வைக்கு ஸ்டீபன் என்பவரை அனுப்பியிருக்கிறார்கள். இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர்.

"ஒண்ணே ஒண்ணு சார். நிஜ ஆளுங்க மூஞ்சி வேணாம். போன தடவை வேற ஒரு ஊர்ல ஒரு அம்மா, என்னைக் கேக்காம எப்படி வரைஞ்சீங்கன்னு வக்கீல் நோட்டீஸ் விட்டுடுச்சு. எல்லாம் பொதுவா இருக்கட்டும். இதுல ஒரு கையெழுத்து."

பொதுவான முகம் என்று ஒன்றைக் கடவுளே இன்னும் படைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5, புதன்

சாரம் கட்டியாயிற்று. தூசி விழாமல் சுவர் முழுக்க நீலத் தார்ப்பாய் தொங்குகிறது. அதற்குள்ளே நான், வெளியே ஊர்.

காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை நோட்டோடு உட்கார்ந்தேன். கம்மல் திருகாணியை ஓடிக்கொண்டே திருகும் பெண். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் இட்லிப் பொட்டலம் என்று படியில் தொங்குபவன். படிக்கட்டுப் பாலம் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தண்டவாளத்தில் குதித்து அந்தப் பக்கம் ஏறுகிறார்கள். புடவைக்காரிகள்கூட. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் ரயில் காத்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

ஓட்டம் நன்றாகவே வருகிறது. ஆனால் எல்லோரும் ஓடினால் யாருமே ஓடுவதாகத் தெரியாது. நடுவில் ஒருவன் அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் ஓடுவார்கள். அந்த ஒருவன் கிடைக்கவில்லை.

முட்டி வலி. கடுகு எண்ணெய் வாங்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

கிடைத்துவிட்டான். கிடைத்துவிட்டார் என்று எழுத வேண்டும், என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

மூன்றாம் தூண் பக்கம் நின்றிருந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு மஞ்சப்பை. எட்டு மணிக் கூட்டம் அவரை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போகிறது, மனிதர் நகரவில்லை. இடது புருவத்தை நடுவில் இரண்டாகப் பிளந்த பழைய வெட்டு. அகலமான மூக்கு. எங்கோ பார்க்காமல், எதிரில் இருப்பதையே பார்க்கும் கண். நான் இரண்டு நாளாகத் தேடிய முகம்.

"ஒரு அஞ்சு நிமிஷம் அப்படியே நில்லுங்க" என்றேன்.

"எட்டு பன்னெண்டு வண்டிக்குப் போணும் சார். புது சைட்டு. டைல்ஸ் ஒட்டுத வேலை. பத்து நா அங்கயே தங்கல். மொத நாளே பிந்திப் போனா மேஸ்திரி வேற ஆளச் சேத்துக்கிடுவாரு."

"அடுத்த வண்டி எட்டு இருபத்து நாலுக்கு இருக்கு. நான் சொல்றேன், நில்லுங்க. உங்க மூஞ்சி இந்தச் சுவர்ல நூறு வருஷம் இருக்கும்."

சிரித்தார். முன்பல் ஒன்று லேசாக உடைந்தது. மஞ்சப்பையைத் தூணடியில் வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்து, பிறகு எடுத்து, அட்டென்ஷனில் நின்றார். எட்டு பன்னிரண்டு போயிற்று. நான் மூக்கில் இருந்தேன். எட்டு இருபத்து நாலும் போயிற்று. "போட்டுமா சார்?" என்று இரண்டு தரம் கேட்டார். "காது மட்டும் பாக்கி" என்றேன். பெயர் கேட்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் எனக்குப் படம் வராது.

எட்டு முப்பத்தாறு இரண்டாம் பிளாட்பாரத்தில் வருவதாக அறிவிப்பு. மனிதர் "வாரேன் சார்" என்றார், ஓடினார். மஞ்சப்பையை மறந்துவிட்டார். நான் குனிந்து காதை முடித்துக்கொண்டிருந்தேன். நீளமான ஹாரன் சத்தம் கேட்டது. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. தினம் ஏதாவது ஒன்று.

பையில் ஒரு எவர்சில்வர் டப்பா. மதியம் வரை அவர் வரவில்லை. வெயிலில் சோறு வீணாகிவிடும். புளிச்சோறு, ஓரத்தில் ஒரு அப்பளம். அவரே பொங்கியிருப்பார் போல. சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

சாயங்காலம் டீக்கடையில், எக்ஸ்பிரஸில் யாரோ அடிபட்டுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

மார்ச் 8, சனி

டப்பாவைத் துலக்கி வைத்திருக்கிறேன். மூடியில் புள்ளிப் புள்ளியாக இரண்டு பெயர், ஊர், தேதி. நம் ஜனங்கள் ரேஷன் கார்டில் தப்பிருந்தால் விட்டுவிடுவார்கள், பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள்.

ஆள் வரவில்லை. வரமாட்டார், பத்து நாள் அங்கேயே தங்கல் என்று அவர்தானே சொன்னார். முகத்தைச் சுவரில் ஏற்றினேன். கட்டம் போட்டு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் கை தானாகப் போயிற்று.

மார்ச் 10, திங்கள்

பதினோரு மணிக்கு ரயில்வே போலீஸ் அவுட்போஸ்டிலிருந்து ஏட்டம்மா வந்தார். தமயந்தி என்று சட்டையில் பெயர். தார்ப்பாய்க்கு வெளியே நின்று கூப்பிட்டார். நல்ல வேளை, உள்ளே வரவில்லை.

"ஆர்ட்டிஸ்ட் சார், ஒரு உதவி. வெள்ளிக்கிழமை ஒரு பாடி. அடையாளம் தெரியல. போனை எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். தோள்பையில ரெண்டு லுங்கி, மட்டம் பாக்குற ரசமட்டம், பூசுற கரண்டி. அவ்ளோதான். போட்டோவை ஒட்டினா ஜனங்க பாக்க மாட்டாங்க சார், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. உயிரோட இருந்தா எப்படி இருப்பார்னு நீங்க வரைஞ்சு குடுத்தா, நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடுவேன்."

போட்டோவைக் கொடுத்தார். இடது பாதி இல்லை.

"டாக்டர் சொன்னார் சார், வயித்துல ஒண்ணுமே இல்லையாம். பட்டினியா வேலைக்குக் கெளம்பியிருக்கார். பதிமூணு நாள் வெச்சிருப்போம். யாரும் வரலைன்னா பொதைச்சிடுவாங்க. அதுக்குள்ள ஒரு வீட்டுக்காரங்களாவது கெடைக்கணும்."

ரசமட்டம் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதினால் அது மிகைப்படுத்தல். டைல்ஸ் வேலை செய்பவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர்.

பென்சிலில் வரைந்து கொடுத்தேன். இருபது நிமிடம். மூக்கு கொஞ்சம் கூராக வந்துவிட்டது. இல்லாத பக்கத்தில் புருவத்தை முழுசாகப் போட்டேன். போட்டோவில் இல்லாததை நான் எப்படிப் போடுவது?

"உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு சார்" என்றார் தமயந்தி. கும்பிட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மூன்றாம் தூணில். வேறு தூணே கிடைக்கவில்லையா.

மார்ச் 12, புதன்

பிரஷ் கழுவ வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி உடைந்துவிட்டது. டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் பிரஷ் போட்டு வைத்திருக்கிறேன். மூடியைக் கலர் கலக்கும் தட்டாகக் கவிழ்த்துவிட்டேன், எழுத்து கீழ்ப்பக்கம்.

ரயில் பெட்டி முடிந்தது. கம்மல்காரி முடிந்தாள். ஸ்டீபன் தார்ப்பாய்க்குள் தலையை நீட்டினார்.

"நடுவுல நிக்கிறாரே, யார் சார் அவரு? அப்படியே பேசுவார் போல இருக்கு."

"யாரும் இல்லை. கற்பனை."

"சூப்பர் சார். இன்விடேஷன்ல இவரைத்தான் போடப்போறோம்."

இருபத்திரண்டு வருடத்தில் என் படத்தை யாரும் இன்விடேஷனில் போட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

மார்ச் 15, சனி

இன்று உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தேன். நான் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? டப்பாவை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்பார்கள். ஏன் நிறுத்தி வைத்தாய் என்பார்கள். நிஜ முகம் வரைந்ததற்காக ஸ்டீபன் சுவரைப் பிடுங்கிக்கொள்வார். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? போனவர் போனவர்தான். நானா தண்டவாளத்தில் குதிக்கச் சொன்னேன்? பாலம் எதற்கு இருக்கிறது?

சரி, முகத்தையாவது மாற்றிவிடுவோம் என்று தோல் நிறம் கலக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். புருவ வெட்டை அடைத்தால் போதும், இரண்டு தீற்றல். ஒரு மணி நேரம் நின்றேன். கலர் காய்ந்து போயிற்று. இப்படி ஒரு முகம் என் கையில் இதற்கு முன் வந்ததில்லை. இனிமேல் வரும் என்றும் நம்பிக்கை இல்லை.

இறங்கிவிட்டேன். துணி துவைத்தேன். நாயர் கடையில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

தமயந்தி பிளாட்பாரத்தில் எதிர்ப்பட்டார். "யாருமே வரலை சார். நாளைக்கு மாநகராட்சி ஆளுங்க எடுத்துட்டுப் போறாங்க. எப்படி ஒரு மனுஷனுக்கு ஒருத்தருமே இல்லாம இருப்பாங்க?"

மூன்று மணிக்கு அவுட்போஸ்டுக்குப் போனேன். மூடியைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவர் யாரோ செயின் பறிகொடுத்த பெண்ணின் புகாரை எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார்.

"குண்டூசி இருக்குமா?" என்றேன்.

ஒரு டப்பா குண்டூசி கொடுத்தார்.

மார்ச் 20, வியாழன்

பூ. சுடலைமணி. விளாத்திகுளம்.

மார்ச் 22, சனி

வேலை ஏறக்குறைய முடிந்தது. கீழ் மூலையில் என் பெயரை எழுதினேன். நான்கு தரம் அழித்து எழுதியும் எழுத்து நேராக வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஸ்டீபன் ஆட்களோடு வந்து, போட்டோ எடுக்க வேண்டும் என்று தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். முதல் முறையாகச் சுவர் வெளிச்சத்துக்கு வந்தது. ஓடுகிறவர்களில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு பெண் படத்தில் தன்னைத் தேடினாள். நான் டப்பாவில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டு சாரத்தின் கீழ்ப்பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தரைக்குத் தமயந்தி ஒரு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு ஒயர் கூடை, காலில் பஸ் பயண வீக்கம். மூன்றாம் தூணுக்குப் போனார்கள். எனக்குப் பத்தடி தூரம். பேசுவது எல்லாம் கேட்டது.

"மூணு ஞாயித்துக்கிழமையா போனே வரலம்மா. சார்சு நிக்காத போனு, அதான்னு இருந்துட்டேன். ரூமுக்குப் போனா, சைட்டுல தங்கியிருக்காருன்னு சொல்லுதாக. சைட்டுல கேட்டா, அப்படி ஒரு ஆளே வரலங்காரு மேஸ்திரி."

"பதட்டப்படாம பாருங்கம்மா. இவர்தானா?"

அந்த அம்மா நோட்டீசின் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் பிரஷ்ஷைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

"இல்லம்மா. இது அவுக இல்ல. அவுக மூக்கு இப்படி இருக்காது. இந்தப் புருவத்துல வெட்டு இருக்கும், சின்ன வயசுல மாடு முட்டுனது." பெரிதாக மூச்சு விட்டார். "செந்தூர் முருகா, காப்பாத்திட்ட. எங்கயோ உசுரோட இருக்காக."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போவதற்காகத் திரும்பினார். திரும்பினால் அறுபது அடிச் சுவர்.

அவர் கத்தவில்லை. கூட்டத்தில் நம் வீட்டு ஆளைப் பார்த்தால் ஒரு கையைத் தூக்குவோமே, அப்படித் தூக்கினார். "இந்தா இருக்காகள்ல" என்றார். பிறகுதான் அது படம் என்று புரிந்திருக்க வேண்டும். தூக்கிய கை அப்படியே நின்றது.

தமயந்தி சுவரைப் பார்த்தார். நோட்டீசைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். பதினைந்து வருடம் போலீஸ் வேலை பார்த்தவர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சார்" என்றார் என்னிடம். "இந்தப் புருவம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா சாரத்தருகே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்தார். குனிந்து, டப்பாவிலிருந்து பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தார். கலங்கல் தண்ணீரைத் தண்டவாளத்துப் பக்கம் கொட்டினார். மூடியைத் திருப்பி, எழுத்துப் பக்கம் வழிந்து காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். முதலில் தேதி தெரிந்தது. பிறகு 'சுடலைமணி', அதன் பக்கத்தில் 'இசக்கியம்மாள்'.

"எங்க கலியாணத்துக்கு எங்க மதினி வச்ச சீரு" என்றார். "இது எப்படிய்யா இங்க வந்துச்சு?"

"அன்னைக்கு... இங்கதான் நின்னார். படம் வரையறதுக்கு. பையை மறந்து வெச்சிட்டுப் போயிட்டார்."

"போயிட்டாகன்னா?"

தமயந்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். சொன்னார். எக்ஸ்பிரஸ், ஏழாம் தேதி, பதிமூன்று நாள், இருபதாம் தேதி மாநகராட்சி இடுகாடு. எண் ஒன்று இருக்கிறது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றார். ஒரு வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறி, போயிற்று. ஸ்டீபனின் ஆள் ஒருவர், என்ன நடக்கிறது என்று தெரியாமல், "மேடம், கொஞ்சம் ஃப்ரேமை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார்.

நான்கு நாள். நான்கு நாள் முன்னால் என்றால் முகத்தைப் பார்த்திருப்பார். பாதி முகத்தையாவது. ஊருக்குக் கொண்டுபோய்த் தன் மண்ணில் வைத்திருப்பார். நான் குண்டூசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். அடித்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவுக காலையில வெறும் வயித்தோடதான் கெளம்புவாக. வேலையில போயித்தான் டப்பாவத் தொறப்பாக. நான் எத்தனையோ தரம் சண்ட போட்டுட்டேன். அன்னைக்காவது... சாப்புட்டாகளா?"

அவர் கையில் டப்பா. உள்ளே நீல நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது.

"சாப்பிட்டார்மா" என்றேன். "அவசரப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன். இந்தத் தூணடியில உக்காந்து முழுசா சாப்பிட்டுட்டுத்தான் போனார்."

"நெசமாவா?"

"நெசமா."

"பசியோட போகலய்யா." அதைச் சொன்னபோதுதான் அழுதார். "அது போதும். நீங்க நல்லா இருக்கணும்." சுவருக்குப் போய், நான் வரைந்த காலைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மறுபடி தொட்டார். காலையில் நான் தொட்டுச் சீர்செய்த பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. அதைத் துடைக்கவில்லை.

தமயந்தி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். மூன்றாம் தூணில் இருந்த நோட்டீசைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கினது நான்தான் சார். உங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

நான் பலகையில் கிடந்த பிரஷ்களை அடுக்கினேன்.

"அந்தம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அவங்களாவது அப்படி நெனைச்சுக்கிட்டுப் போகட்டும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நீங்க வந்து எழுதிக் குடுக்கணும், ஏழாம் தேதிலேர்ந்து ஒண்ணு விடாம. இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தச் சோத்தை யார் சார் சாப்பிட்டது?"

"நான்" என்றேன்.

ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்பதால், அறைக்கு வந்ததும் இந்த நோட்டில் ஏழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது, நேரம் உட்பட. உப்பு கொஞ்சம் தூக்கல் என்றும் எழுதியிருக்கிறேன்.